நாடு மாறினாலும் நம்பர் மாறக்கூடாது

கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஆட்களுக்கு ரோமிங் பழைய சங்கதி. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் சோதனைச் சாவடியைக் கடந்து, ஆரம்பாக்கமும் தாண்டினால் தடா. அங்கே ஆந்திரம் தொடங்கிவிடும். மாநில எல்லையே தொலைத்தொடர்பு வட்டத்தின் எல்லையாகவும் இருந்ததால், டவர் மாறியதும் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு, நாம் கூப்பிட்டால் கூடுதல் காசு. எல்லையோரக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும். 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அந்தக் கட்டணத்தின் உச்சவரம்பைக் குறைத்தது. 2016இல் ஜியோ வந்தது. அடுத்த ஆண்டுக்குள் உள்நாட்டு ரோமிங் கட்டணம் ஏறக்குறைய மறைந்தே போனது. இன்று எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

நாட்டு எல்லையைக் கடந்தால் மட்டும் அந்தக் கட்டணம் இன்னும் அப்படியே காத்திருக்கிறது. கடப்பவர்களுக்கும் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் குறைவில்லை. 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் ஆரம்பகால வளாகங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டி. தேர்வாய் கண்டிகையில் டயர் செய்யும் மிஷெலினுக்குத் தலைமையகம் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான். பொன்னேரிப் பக்கம் மஹிந்திரா ஆரிஜின்ஸ் தொழிற்பூங்காவில் இன்ஜின் செய்யும் யான்மாருக்கு ஒசாகா. திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் இசுசூ, கோபெல்கோ, டைகின். இப்படிப்பட்ட ஆலைகளிலிருந்து பயிற்சிக்கு இரண்டு வாரம், புது மெஷினைப் பார்த்துச் சரி சொல்ல ஒரு வாரம் என்று பொறியாளர்கள் போகிறார்கள். சிறிய ஃபவுண்டரி, ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவர்கள் இயந்திரமும் உதிரிபாகமும் பார்க்கச் சீனாவுக்குப் போகிறார்கள். வெல்டரும் ஃபிட்டரும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வருடக்கணக்கில் போகிறார்கள்.

இவர்கள் எல்லோரும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அங்க போனா நெட்டுக்கு என்ன பண்றது?" கேட்டவுடன் எதிரில் இருப்பவர் ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி, இத்தனை ஜிபி இவ்வளவு ரூபாய் என்பார். அந்தப் பதில் முக்கால்வாசி நேரம் போதாது. ஜிபி விலை கடைசியில் பார்க்க வேண்டிய கணக்கு. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: ஊரில் பேங்க் கணக்கோடு கட்டிவைத்திருக்கும் நம்பர் என்ன ஆகும்? வாங்கப்போகும் டேட்டா எந்த நாட்டு வழியாகப் போகும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மீதி எளிது.

அந்தக் கேள்விகளுக்குப் போகுமுன், இவர்களுக்கு உதவக்கூடிய இ-சிம் என்ற பொருளைப் பார்த்துவிடுவோம். இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பற்றவைத்து வருகிற சிப். அதில் எந்த நிறுவனத்தின் விவரத்தையும் இணையம் வழியே இறக்கிக்கொள்ளலாம், அழிக்கலாம், வேறொன்றை இறக்கலாம். பிளாஸ்டிக் கார்டும் ஊசியும் தேவையில்லை. சுவாரஸ்யம் என்னவென்றால், இது முதலில் மனிதர்களுக்காக வந்ததல்ல. வண்டிகளுக்கும் மீட்டர்களுக்கும், ஆள் போய் சிம் மாற்ற முடியாத இயந்திரங்களுக்கும் என்றுதான் உலக மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ இதற்கு முதல் விதிமுறை வகுத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் வரிசை கட்டி நிற்கிற லாரிகளின் இடம் காட்டும் கருவிகளிலும் இந்த மாதிரி சிம்தான் வேலை செய்கிறது. போன்களில் 2017இல் கூகுள் பிக்சல் 2லும், 2018இல் ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலும் வந்தது. அதே 2018இல் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையும் அனுமதி கொடுத்தது. ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் பல ஆண்டுகளாகத் தருகின்றன. பிஎஸ்என்எல் 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது.

உங்கள் போனில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். டயலரில் *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்களோடு "ஈஐடி" என்று 32 இலக்க எண் ஒன்று வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. நம் பக்கம் அதிகம் விற்கிற பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இருக்காது. உறவினர் சீனாவிலிருந்து வாங்கிவந்த ஐபோன் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: சீனப் பெருநிலத்தில் விற்ற ஐபோன்கள் நெடுங்காலம் இ-சிம் இல்லாமல், இரண்டு பிளாஸ்டிக் சிம் போடும் வகையிலேயே வந்தன. மாறாக அமெரிக்காவில் 2022இல் ஐபோன் 14 தொடங்கி பிளாஸ்டிக் சிம்முக்கு இடமே இல்லை. அங்கிருந்து அண்ணனோ அக்காவோ அனுப்பிய போன் வைத்திருப்பவர்கள் இந்திய நம்பரையும் இ-சிம்மாகத்தான் வைத்திருப்பார்கள். அதில் தவறில்லை, ஒரே நேரத்தில் இரண்டு இ-சிம்கள் அதில் ஓடும். தவணைக் கடனில் வாங்கிய வெளிநாட்டுப் போன் குறிப்பிட்ட நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருக்கலாம். பூட்டு இருந்தால் எந்தப் பயண இ-சிம்மும் ஏறாது.

இன்னொரு சிக்கல் பலர் கண்ணில் படுவதில்லை. நம்மில் பாதிப் பேர் போனில் இரண்டு சிம் வைத்திருக்கிறோம். ஒன்று பழைய நம்பர், பேங்க், ஆதார், கேஸ் எல்லாம் அதில். மற்றது மலிவு டேட்டாவுக்கு. பல ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டாம் சிம் இடமும் இ-சிம்மும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இ-சிம்மைப் போட்டால் இரண்டாம் சிம் அணைந்துவிடும். அணையப்போவது பேங்க் நம்பராக இருந்தால்? அதனால் கிளம்புமுன் பேங்க் நம்பர் இருக்கும் சிம்மை முதல் இடத்துக்கு மாற்றிவையுங்கள்.

வெளிநாட்டில் டேட்டா கிடைக்க வழிகள் நான்கு. இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக். போன இடத்தில் வாங்கும் உள்ளூர் சிம். பயண இ-சிம். கையடக்க வைஃபை கருவி. நான்காவதை ஒரு வரியில் முடித்துவிடலாம்: ஜப்பான் போகும் நான்கைந்து பேர் எப்போதும் ஒன்றாகவே சுற்றுவார்கள் என்றால் சரிப்படும், மற்றவர்களுக்கு அது சார்ஜ் போட வேண்டிய இன்னொரு பொருள். உள்ளூர் சிம்தான் பொதுவாக மலிவு, வேகமும் அதிகம். அதற்கு விலை, விமானம் இறங்கிய களைப்பில் வரிசையில் நின்று பாஸ்போர்ட் காட்டுவது. ஒரே சிம் இடம் உள்ள போனில் அதைப் போட இந்திய சிம்மைக் கழற்றவும் வேண்டும். ரோமிங் பேக்கில் எதையும் மாற்ற வேண்டாம். அதே நம்பரில் அழைப்பும் வரும், டேட்டாவும் வரும். ஒரு நாளைக்கு ஆகும் செலவு மட்டும் இ-சிம்மைவிடப் பெரும்பாலும் அதிகம். இரண்டு மூன்று நாள் அலுவலகப் பயணம், கம்பெனி காசு, வாடிக்கையாளர் இந்திய நம்பரிலேயே அழைப்பார் என்றால் ரோமிங் பேக் போட்டுவிட்டு நிம்மதியாகப் போவதுதான் என் பரிந்துரை. ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை என்றால் இ-சிம் தெளிவாக மேல். அதற்கு மேல் என்றால் உள்ளூர் சிம்.

இ-சிம்மின் பெரிய பலன் விலைக் குறைவு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தியருக்கு அதன் உண்மையான பலன் வேறு: இந்திய சிம் போனை விட்டு இறங்காமல் இருப்பது. நம் வாழ்க்கை ஓடிபியில் தொங்குகிறது. ஆன்லைனில் கார்டு போட்டால் ஓடிபி, வீட்டுக்குப் பணம் அனுப்பினால் ஓடிபி, டிக்கெட் மாற்றினால் ஓடிபி. ரிசர்வ் வங்கி 2025இல் வெளியிட்ட நெறிமுறைகள் 2026 ஏப்ரல் 1 முதல் எஸ்எம்எஸ் அல்லாத உறுதிப்படுத்தல் முறைகளுக்கும் வழி திறந்துவிட்டிருக்கின்றன. ஆனாலும் வங்கிகள் எஸ்எம்எஸ்ஸை ஒரே நாளில் கைவிடப்போவதில்லை. யூபிஐ செயலி சிம்மோடு பிணைந்தது. வாட்ஸாப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம் போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. போகிற திசை தெளிவு. சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும் காலம் முடிகிறது.

இந்திய சிம் போனில் இருந்தால் மட்டும் ஓடிபி வந்துவிடாது. அதில் சர்வதேச ரோமிங் திறந்திருக்க வேண்டும். கட்டண அதிர்ச்சியைத் தடுப்பதற்காக அந்த வசதி இயல்பில் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் கேட்டுத் திறக்க வேண்டும். ரோமிங்கில் வந்து சேரும் எஸ்எம்எஸ்ஸுக்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. அழைப்பை எடுத்தால் பிடிக்கும். சில ப்ரீபெய்டு திட்டங்களில் ஏதாவது சிறிய ரோமிங் ரீசார்ஜ் இருந்தால்தான் சிம் அங்கே வலையமைப்பில் சேரும். இதை வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பழைய 2ஜி, 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்ட நாடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 2017இல் 2ஜியையும் 2024இல் 3ஜியையும் மூடிவிட்டது. ஜப்பானில் 2ஜி மறைந்து பல வருடம் ஆகிறது. அமெரிக்கப் பெரு நிறுவனங்கள் 2022லேயே 3ஜியை நிறுத்திவிட்டன. அங்கெல்லாம் இந்திய நம்பரில் குரல் அழைப்பு வேண்டுமென்றால் 4ஜி வழியே குரலைக் கொண்டுபோகும் வோல்ட்டி ரோமிங் இருக்க வேண்டும், உங்கள் போன் மாடலும் அதை ஏற்க வேண்டும்.

பேங்க் சிம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே இருக்கும் இந்திய பிளாஸ்டிக் சிம்மைப் பயணத்துக்கு முந்தைய நாள் இ-சிம்மாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மோசடியைத் தடுக்க, சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கும் விதி நம் நாட்டில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் நின்றுகொண்டு வராத ஓடிபிக்குக் காத்திருப்பீர்கள். மாற்றுவதாக இருந்தால் பத்து நாள் முன்பே மாற்றுங்கள், அதுவும் நீங்களாக நிறுவனத்தின் செயலியிலோ கடையிலோ. "உங்க சிம்ம இ-சிம்மா மாத்தித் தரோம், வர்ற லிங்க்க அழுத்துங்க" என்று தானாக வரும் அழைப்பு திருட்டு. அந்த லிங்க்கை அழுத்தினால் உங்கள் நம்பர் இன்னொருவன் போனில் போய் உட்காரும், பின்னாலேயே பேங்க் பணம் போகும்.

இனி இரண்டாவது கேள்வி: டேட்டா எந்த வழியாகப் போகிறது? நாம் சிங்கப்பூரில் இருந்தால் நம் டேட்டாவும் சிங்கப்பூரிலேயே இணையத்தில் இறங்குகிறது என்று நினைப்போம். ரோமிங் அப்படி வேலை செய்வதில்லை. இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கில், சிங்கப்பூர் டவர் வாங்கும் ஒவ்வொரு துணுக்கும் கடலுக்கடியில் இந்தியா வந்து, இங்கே இணையத்தில் இறங்கி, பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப சிங்கப்பூர் போகிறது. பெரியபாளையத்துக் கத்தரிக்காய் கோயம்பேடு போய் ஏலம் முடிந்து கும்மிடிப்பூண்டிச் சந்தைக்குத் திரும்பி வருவது மாதிரி. பயண இ-சிம் விற்பவர்கள் பெரும்பாலும் தாங்களே டவர் வைத்திருப்பவர்கள் அல்லர். ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் சிம் விவரத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறார்கள். அதனால் நீங்கள் ஜப்பானில் இருந்தாலும் டேட்டா ஹாங்காங்கிலோ ஐரோப்பாவிலோ போய் இறங்கலாம். வீடியோ அழைப்பில் குரல் அரை நொடி பிந்துவதற்கும், வேறொரு நாட்டின் விளம்பரங்கள் தெரிவதற்கும், "சந்தேகத்துக்கிடமான இடம்" என்று பேங்க் செயலி முரண்டு பிடிப்பதற்கும் இது ஒரு காரணம்.

சீனா போகிறவர்களுக்கு இந்தச் சுற்றுவழியே வரம். சீனாவுக்குள் கூகுள், வாட்ஸாப், ஜிமெயில், யூடியூப் எதுவும் உள்ளூர் இணையத்தில் திறக்காது. விமான நிலையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீன சிம்மை வாங்கினால் டேட்டா நிறைய இருக்கும், வீட்டுக்கு ஒரு வாட்ஸாப் மெசேஜ்கூடப் போகாது. ரோமிங் டேட்டா வெளிநாட்டில் போய் இறங்குவதால் அந்தத் தடுப்புக்குள் சிக்குவதில்லை. ஆகவே குவாங்சோவில் 1957 முதல் நடக்கும் கேன்டன் கண்காட்சிக்கோ ஷென்சென் ஆலைகளுக்கோ போகிறவர்கள் இந்திய ரோமிங் பேக்கையோ சீனாவுக்கு வெளியே டேட்டா இறங்கும் பயண இ-சிம்மையோதான் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளூர் சிம் மேல் என்ற பொது விதி முற்றிலும் தலைகீழாகும் நாடு இது. ஓட்டலின் வைஃபையில் ஏறினால் வாட்ஸாப் மறுபடி நின்றுவிடும், அதையும் மனதில் வையுங்கள். விற்பனையாளர்கள் வீசாட்டில்தான் பேசுவார்கள். அந்தக் கணக்கை ஊரிலேயே, இந்திய நம்பரில் ஓடிபி வரும்போதே திறந்துவிடுங்கள். 2025 அக்டோபரில் இந்திய – சீன நேரடி விமானங்கள் மறுபடி தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி நம் பட்டறைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் கதை வேறு. வாட்ஸாப் மெசேஜ் போகும், அதில் குரல், வீடியோ அழைப்பு தடுக்கப்பட்டிருக்கும். அங்குள்ள நம் ஆட்கள் பாட்டிம் மாதிரியான அனுமதி பெற்ற செயலிகளில் பேசுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் போனிலும் அதை முன்கூட்டியே போட்டுக்கொடுத்துவிட்டுப் போனால் முதல் நாள் பதற்றம் குறையும்.

சுற்றுவழிக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயண இ-சிம்களை வாங்கிச் சோதித்து 2025இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயனர் ஒரு நாட்டில் இருக்க, அவர் டேட்டா அவருக்கே தெரியாமல் மூன்றாவது நாட்டின், சில வேளைகளில் சீனாவின், வலையமைப்பு வழியாகப் போவதை அவர்கள் பார்த்தார்கள். இ-சிம்மை மறுவிற்பனை செய்பவரால்கூட வாங்கியவரின் இருப்பிட விவரத்தைப் பார்க்க முடிந்தது. வாட்ஸாப்பும் பேங்க் செயலியும் தம் உரையாடலை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. அதில் பயம் வேண்டாம். ஆனால் கம்பெனியின் வரைபடங்களையும் விலைப்புள்ளிகளையும் கொண்டுபோகும் பொறியாளர், பெயர் தெரியாத விற்பனையாளரிடம் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். கம்பெனி கொடுத்த விபிஎன் இருந்தால் அதை ஓடவிடுங்கள்.

வாங்கும் இடமும் முக்கியம். இந்தியாவில் வெளிநாட்டு சிம்மோ இ-சிம்மோ விற்க வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்லை என்ற இரண்டு பெரிய பயண இ-சிம் செயலிகள் இந்திய ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டதற்கு அந்தச் சான்று இல்லாததே காரணம். வெளிநாட்டு நம்பர்களை வைத்து இந்தியர்களை ஏமாற்றும் சைபர் குற்றங்கள் பெருகிய நேரம் அது. அரசின் கவலையில் நியாயம் உண்டு. அனுமதியோடு பாஸ்போர்ட் விவரம் கேட்டு விற்கும் இந்திய நிறுவனங்கள் இருக்கின்றன. இறங்கும் நாட்டின் பெரிய நிறுவனங்களே சுற்றுலாப் பயணிகளுக்கு இ-சிம் தருகின்றன. டெலிகிராமில் "பாதி விலை இ-சிம்" என்று வருவதை விட்டுவிடுங்கள். துருக்கி 2025 ஜூலையில் பயண இ-சிம் விற்கும் தளங்கள் பலவற்றைத் தன் நாட்டுக்குள் முடக்கியது; இறங்கிய பின் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்களுக்கு வழி அடைபட்டது. எந்த நாடானாலும் ஊரிலேயே வாங்கி, ஊர் வைஃபையிலேயே இறக்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

திட்டத்தின் விவரத்தைப் படிக்கும்போது கண் நிறுத்த வேண்டிய சொற்கள் சில. "அன்லிமிடெட்" என்று இருந்தால் கீழே சிறிய எழுத்தில் நியாயப் பயன்பாட்டு வரம்பு இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ ஜிபி ஓடியதும் வேகம் வாட்ஸாப் எழுத்துக்கு மட்டும் போதும் அளவுக்கு இறங்கிவிடும். அதில் ஹாட்ஸ்பாட் அனுமதி இல்லாத திட்டங்களும் உண்டு. லேப்டாப்போடு போகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செல்லுபடி நாள் எப்போது தொடங்குகிறது? சிலவற்றில் இறக்கிய நொடியிலிருந்து, சிலவற்றில் அந்த நாட்டு டவரைத் தொட்டதிலிருந்து. முதல் வகையை ஒரு வாரம் முன்பே இறக்கினால் ஒரு வாரம் வீண். "டேட்டா மட்டும்" என்றால் அதற்கு அழைப்பு நம்பர் கிடையாது. அங்கே டாக்சி ஓட்டுநர் உங்களை அழைக்க வேண்டுமென்றால் வாட்ஸாப்தான் கதி.

எத்தனை ஜிபி வாங்குவது? வாட்ஸாப் குரல் அழைப்பு ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 30 எம்பி, வீடியோ அழைப்பு 300 எம்பி. வரைபடம் பார்த்து நடப்பது மிகக் குறைவு. தெளிவான படத்தோடு அலுவலகக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபியைத் தொடும். ஓட்டலில் வைஃபை இருக்கும், தினமும் வீட்டோடு அரை மணி நேரம் வீடியோவில் பேசுவார் என்றால் பத்து நாளைக்கு மூன்று ஜிபி போதும், ஐந்து வாங்கினால் தாராளம். பெரிய ஜிபி சாப்பிடுவது மனிதர்கள் அல்ல, பின்னணியில் ஓடும் புகைப்பட பேக்கப்பும் செயலி அப்டேட்டும். அவற்றை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால் இருபது ஜிபி திட்டம் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

நாடு வாரியாகச் சில குறிப்புகள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே பயணத்தில் போகிறவர்கள் இரண்டு நாட்டுக்கும் பொதுவான திட்டம் வாங்குங்கள். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் நிற்கும்போது போன் மலேசியாவின் ஜோகூர் டவரைப் பிடித்துக்கொள்ளும், ஆரம்பாக்கத்தில் பழைய காலத்தில் நடந்தது அப்படியே நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல் ஒரு நாட்டு சிம் மற்ற நாடுகளிலும் கூடுதல் கட்டணமின்றி ஓடுகிறது. 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் சேர்த்து. பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் அதில் இல்லை. கிளெர்மோன் ஃபெரானுக்கு ஜெனீவா வழியாகப் போகிறவர் "ஐரோப்பா" என்ற தலைப்பை நம்பாமல் நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானில் குறுகிய காலப் பயணிக்குக் குரல் அழைப்பு சிம் எளிதில் கிடைக்காது, டேட்டா மட்டும் உள்ள இ-சிம்மே அங்கே சரி. இலங்கைக்கு நான் பயண இ-சிம் பரிந்துரைக்க மாட்டேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் டயலாக், எஸ்எல்டி மொபிடெல் கவுண்டர்களில் சுற்றுலா சிம் மலிவாகவே கிடைக்கிறது. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் நெடுநாள் வாழ்ந்துவிட்டு உறவினரைப் பார்க்கவோ காணி விஷயமாகவோ யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் போகிறவர்களுக்கு உள்ளூர் சிம்தான் பொருந்தும். உள் கிராமங்களில் எந்த நிறுவனத்துக்கு டவர் இருக்கிறது என்று அங்கிருக்கும் சொந்தக்காரரையே கேட்டு வாங்கலாம்.

வருடக்கணக்கில் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பயண இ-சிம் பேச்சில் யாரும் சொல்வதில்லை. அவர்கள் போனில் பெரும்பாலும் இ-சிம் இருக்காது, அவர்களுக்கு அது தேவையும் இல்லை. வேலை அனுமதி அட்டை வந்ததும் அந்த நாட்டு சிம் கிடைத்துவிடும். அவர்கள் பயப்பட வேண்டியது இங்கே விட்டுவரும் நம்பரைப் பற்றி. ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் நிறுவனம் அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். கணக்கில் ரூ.20 இருப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது ட்ராய் விதி. நம்பர் கைமாறினால் பேங்க் ஓடிபியும் கைமாறும். டேட்டா இல்லாமல் குரலும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள நீண்ட காலத் திட்டங்களை, 365 நாள் வரை, நிறுவனங்கள் தர வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் விதி திருத்தியது. வெளிநாடு போகும் தொழிலாளிக்கு அதைவிடப் பயனுள்ள ரீசார்ஜ் இல்லை. இரண்டு சிம் போடும் போனில் அதை ஒரு பக்கம் வைத்து, ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் மூடிவிட்டால் போதும். வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு திறந்தவர்கள் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாட்டு நம்பர்களிலேயே யூபிஐ பயன்படுத்த 2023இல் தேசிய கொடுப்பனவுக் கழகம் வழி செய்தது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்டுகள் கட்டணம் வாங்குகிற அன்றே இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் கணக்கு முடங்காமல் இருக்கும்.

இனி கிளம்புகிற முன்தினம் இரவு. இ-சிம் வாங்கியாயிற்று, மின்னஞ்சலில் ஒரு க்யூஆர் கோடு வந்திருக்கிறது. அதை ஸ்கேன் செய்ய இன்னொரு திரை வேண்டும்; வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்புங்கள், அல்லது தாளில் அச்செடுங்கள். அதோடு வந்திருக்கும் சர்வர் முகவரியையும் செயல்படுத்தும் கோடையும் தனியாகக் குறித்துவையுங்கள். கேமரா ஏற்காவிட்டால் கையால் தட்டிக் கொடுக்கலாம். பெரும்பாலான கோடுகள் ஒரு முறைதான் வேலை செய்யும். இறக்கிய இ-சிம்மைத் தவறி அழித்தால் மறுபடி வராது, புதிதாக வாங்க வேண்டியதுதான். இறக்கியபின் அதற்குப் பெயர் கேட்கும். "ஜப்பான்" என்றோ "டிராவல்" என்றோ வைத்துவிடுங்கள். இரண்டு சிம்மும் ஒரே மாதிரி தெரிந்து தவறானதை அணைப்பது அங்கேதான் நடக்கும்.

அடுத்து நான்கு பொத்தான்கள். மொபைல் டேட்டா பயண இ-சிம்மில். பயண இ-சிம்மின் டேட்டா ரோமிங் திறந்திருக்க வேண்டும். அது எங்கோ ஒரு நாட்டு சிம் என்பதால் ரோமிங் இல்லாமல் ஓடாது. இந்திய சிம் உயிரோடு, ஆனால் அதன் டேட்டா ரோமிங் மூடி. ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதற்கு டேட்டா தாவும் வசதி மூடி. கடைசிப் பொத்தானை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சுரங்கப்பாதையில் இ-சிம் சிக்னல் இழந்த ஐந்து நிமிடத்தில் டேட்டா இந்திய சிம்முக்குத் தாவி, பேக் இல்லாத விலையில் ஓடத் தொடங்கும்.

இறங்கியதும் டேட்டா வராவிட்டால் பதற வேண்டாம். விமானப் பயன்முறையை ஒரு முறை போட்டு எடுங்கள். வராவிட்டால் வலையமைப்பைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, வாங்கிய திட்டத்தில் எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் இல்லையென்றால் ஏபிஎன் என்ற இடத்தில் விற்பனையாளர் கொடுத்த சொல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் கோளாறு இதுதான். இதையெல்லாம் கேட்டு எழுத விற்பனையாளரின் உதவிப் பக்கம் வேண்டும், அதைத் திறக்க இணையம் வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்தையும் ஓட்டல் முகவரியையும் அழைத்துப்போக வருபவரின் எண்ணையும் சென்னையிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய வைஃபையில் ஏற அந்த நாட்டு நம்பர் கேட்டால், இந்திய நம்பரைக் கொடுத்தும் சில இடங்களில் ஓடிபி வாங்கலாம். அதற்காகவேனும் அந்த சிம் அணையாமல் இருக்கட்டும்.